லைசென்ஸ் மூஞ்சி

லைசென்ஸ் ஆபீஸில் கரண்ட் போனதற்கு மின்சாரக்காரர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. செய்தது போட்டோகிராபர் பாதிச்சிரிப்பு.

கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. காலாவதியான லைசென்ஸைப் புதுப்பிக்கத்தான் போயிருந்தார். வரிசை ஊர்ந்து ஊர்ந்து போட்டோ எடுக்கும் மூலைக்கு வந்து சேர்ந்தபோது, தரையோடு சேர்த்துத் திருகிய ஸ்டூலையும், பின்னால் தொங்கிய வெள்ளைத் துணியையும், உச்சந்தலைக்கு நேர் மேலே எரிந்த ட்யூப்லைட்டையும் பார்த்தார். அவ்வளவுதான், கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. விளக்கு தலைக்கு மேலே இருந்தால் கண்ணுக்குக் கீழே குழி விழும், மூக்குக்குக் கீழே மீசை முளைக்கும். பெண்களுக்கும் முளைக்கும். ஊரில் பாதிப் பேருடைய கல்யாண ஆல்பத்தை எடுத்தவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா?

தோள்பையில் எந்நேரமும் கிடக்கும் சின்ன விளக்கை வெளியே எடுத்தார்.

“மேடம், ரெண்டே நிமிஷம். சைடுல இத வச்சா எல்லாரும் சினிமா ஸ்டார் மாதிரி வந்துடுவாங்க.”

கேமராவுக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். “அந்த ப்ளக்கைத் தொடாதீங்க” என்றார். அவர் ‘தொடா’ சொல்லும்போதே இவர் தொட்டாயிற்று. ‘தீங்க’ வந்து சேருவதற்குள் படீரென்று ஒரு சத்தம் கேட்டது. ட்யூப்லைட், மின்விசிறி, பக்கத்து அறை, மாடி, எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. வரிசையில் நின்றவர்கள் சொன்னதை அச்சில் போட முடியாது. பாதிச்சிரிப்பின் தாயாரை அவர்களுக்கு முன்பின் தெரியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம்.

அந்த அம்மாள் கத்தவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்து ஜன்னலைத் தள்ளித் திறந்தார். பேட்டரியின் தயவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீச்சுக்கீச்சென்று அலறிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் முன்னால் மறுபடி உட்கார்ந்தார்.

“உக்காருங்க.”

“மேடம், நான் வேணும்னு செய்யல...”

“மூக்கு நேரா.”

க்ளிக்.

“முடிஞ்சுது. எந்திரிங்க.”

“ஒரு தடவ பார்த்துட்டு, வேணும்னா இன்னொண்ணு...”

“இது கல்யாணம் இல்ல. அடுத்தவங்க வாங்க.”

பாதிச்சிரிப்பு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. ஸ்டூடியோவில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் ‘சிரிங்க... அவ்ளோ வேணாம், பாதி’ என்று சொல்லிச் சொல்லியே சம்பாதித்த பெயர். முழுசாகச் சிரித்தால் ஈறு தெரியும், கண் சுருங்கிக் காணாமல் போகும். சிரிக்காமலே இருந்தால் ஏதோ கேஸில் மாட்டியவன் மாதிரி இருக்கும். பாதிதான் பத்திரம் என்பது அவர் சித்தாந்தம். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் எல்லாரும் ஒரே பாதியைச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத குடும்பங்களெல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத் தெரியும்.

அந்தப் பாதி சரியாக விழாத படத்துக்குத் தொழிலில் ஒரு வசவு உண்டு: லைசென்ஸ் மூஞ்சி. ‘என்னப்பா, மாப்பிள்ளைய லைசென்ஸ் மூஞ்சியா எடுத்து வச்சிருக்க’ என்று ஒருவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் திட்டுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

அப்பேர்ப்பட்டவர் கையில், தபாலில், அவருடைய லைசென்ஸே வந்து விழுந்தது.

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய படம். ஒரு கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம். மறு கன்னம் நிழலில். தப்புச் செய்து கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, அப்போதும் ‘அதுக்கு என்ன இப்போ?’ என்று கேட்கிற ஓர் ஆள். வழுக்கை ஒளிவுமறைவில்லாமல் தெரிந்தது. சிரிப்பு பாதியும் இல்லை, காலும் இல்லை. இந்த மனுஷனை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நெற்றியைத் தேய்த்தார். பிறகு ஞாபகம் வந்தது. தினமும் காலையில் சவரம் செய்யும்போது.

கேமராவுக்குப் பின்னாலேயே ஆயுசைக் கழித்தவருக்கு அவரை அவராகவே காட்டிய படம் அதுதான் முதல். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. மனைவியிடம் நீட்டினார்.

மனைவி ஸ்டூடியோவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் அடுக்குகிறவர். டச்சப் மட்டும் இவர் பொறுப்பு. பரு, தழும்பு, கருவளையம், தாடைக்குக் கீழே தொங்கும் இரண்டாம் தாடை எல்லாவற்றையும் இவரே உட்கார்ந்து அழிப்பார். மனைவி கார்டை வாங்கிப் பார்த்தார். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அச்சு அசல் நீங்கதான். குழாய ரிப்பேர் பண்றேன்னு உடைச்சுட்டு வந்து நிப்பீங்களே, அதே மூஞ்சி.”

“நல்லாருக்கா?”

“ம்.”

இந்த ‘ம்’மைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பாதிச்சிரிப்பு தான் எடுத்த படங்களை மனைவியிடம் காட்டி ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டுவருகிறார். மனைவியும் ‘ம்’ என்று சொல்லிவருகிறார். பிரமாதம் என்று அர்த்தமா, பரவாயில்லை என்றா, ‘போய்க் குளிங்க’ என்றா, யாருக்கும் தெரியாது. இவர் அன்றைய மனநிலைக்குத் தக்கபடி அதற்கு அர்த்தம் போட்டுக்கொள்வார்.

“சரி, உன் லைசென்ஸ காட்டு.”

“எதுக்கு? நீங்க என்ன டிராஃபிக் போலீஸா?”

“அட காட்டேன்.”

ஸ்கூட்டர் ஓட்டுகிறவர், ஆகவே லைசென்ஸ் உண்டு. ஆனால் அதை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓரம் தேய்ந்துபோன கார்டு.

பாதிச்சிரிப்பு அதைப் பார்த்தார். லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

முடி காதுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தது. இடது புருவத்துக்கு மேலே தழும்பு பளிச்சென்று தெரிந்தது. சின்ன வயதில் சைக்கிள் பழகும்போது விழுந்தது. அந்தத் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் சைக்கிளைத் தொட்டதில்லை. ரத்தம் ஒழுக ஒழுக எழுந்து மறுபடி ஏறினாளாம், மாமியார் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொண்டு சொல்வார். அந்த ஏறிய முகம்தான் கார்டில் இருந்தது. கண் நேராகப் பார்த்தது. யாரையும் திருப்திப்படுத்தும் எண்ணம் அந்த முகத்துக்குத் துளியும் இல்லை. அப்படி ஓர் அழகு.

இவர் எத்தனை தடவை எடுத்திருக்கிறார்! பூங்காவில், கடற்கரையில், ஸ்டூடியோவில், குடை பிடிக்க வைத்து, கன்னத்தில் கை வைக்க வைத்து. இந்த முகம் ஒருநாளும் இவருக்கு அகப்பட்டதில்லை. அரசாங்கத்துக்கு அகப்பட்டிருக்கிறது.

“இத எடுக்கறப்போ என்ன நெனச்சுக்கிட்டிருந்த?”

“அடுப்புல பால வச்சுட்டு வந்தேனான்னு.”

“விளையாடாத. நெசமா சொல்லு.”

“நெசமாத்தாங்க. பொங்கிடுச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.”

கார்டின் பின்பக்கத்தில் தேதி இருந்தது. கவுன்ட்டர் எண்ணும் இருந்தது. அதே மூலை. அதே அம்மாள்.

அன்றிலிருந்து பாதிச்சிரிப்புக்கு ஒரு வியாதி பிடித்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் லைசென்ஸைக் கேட்டார். முடி வெட்டுகிறவரிடம் பாதி வெட்டில் கேட்டார். டாக்ஸி டிரைவரிடம் சிக்னலில் கேட்டார். பார்சல் கொண்டுவந்தவர் கையெழுத்துக்குப் பேனா நீட்ட, இவர் “லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்க, அந்த ஆள் பார்சலைப் போட்டுவிட்டு ஓடப்பார்த்தார். வேறு கவுன்ட்டர்களில் எடுத்தவர்கள் பொறியில் சிக்கிய எலி போல இருந்தார்கள். அந்த மூலையில் எடுத்தவர்கள் மட்டும் தனி ஜாடை. பார்சல்காரர் ராஜாவாட்டம் இருந்தார். முடி வெட்டுகிறவர் முகத்தில், நேரில் ஒருநாளும் தெரியாத ஒரு துக்கமும் அதை யாரிடமும் சொல்வதாக இல்லை என்கிற திமிரும் இருந்தன.

எல்லாக் கவுன்ட்டரிலும் ஒரே மாதிரி கேமரா, ஒரே துணி, ஒரே பாழாய்ப்போன ட்யூப்லைட். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? தன் மனசுக்குப் பிடித்த போட்டோகிராபர் யார் என்று அவருக்கு அந்த வயதில் தெரிந்துவிட்டது. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஜோடி ஆணி வந்து தொலைத்தது.

போட்டோகிராபர்கள் சங்கம் வருஷாவருஷம் நடத்தும் கண்காட்சிக்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வோர் உறுப்பினருக்கும் சுவரில் இரண்டு ஆணி. இடது ஆணியில் அவருக்குப் பிடித்த போட்டோகிராபர் எடுத்த படம், வலது ஆணியில் அதைப் பார்த்த உந்துதலில் அவர் தானே எடுத்த படம். இடது ஆணியில் பெரும்பாலும் மூன்றே பேர்தான் தொங்குவார்கள். மலை எடுத்தவர், போர் எடுத்தவர், மழை எடுத்தவர். மூவரும் பெரிய மேதைகள், மூவரும் காலமாகிவிட்டவர்கள், ஆகவே ஆட்சேபிக்க மாட்டார்கள். வலது ஆணியில்தான் கூத்து. மலைக்கு வழியில்லாதவர்கள் மணல் லாரி கொட்டிய குவியலுக்குக் கீழே படுத்துக்கொண்டு எடுத்தார்கள். போருக்கு வழியில்லாதவர்கள் கால்பந்து மைதானத்தில் அடிதடி வராதா என்று காத்திருந்தார்கள். மழைக்காரர்கள் மச்சினனை மொட்டைமாடியில் ஏற்றி, ரப்பர் குழாயால் தெருவில் தண்ணீர் அடிக்கச் சொன்னார்கள். பாதிச்சிரிப்பும் போன வருஷம் வரை மழைக்காரர்தான். அவருக்குக் குழாய் பிடித்தது சகலை.

அந்தச் சகலைதான், அதாவது மனைவியின் அக்கா புருஷன்தான், சங்கத்தின் தலைவர்.

“இடது ஆணில யாரு, சகலை? மழைதானே?” என்றார் தலைவர், குழுக் கூட்டத்தில்.

“இல்ல. லைசென்ஸ் ஆபீஸ் மேடம்.”

பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன.

“யாரு?”

“மூணாம் கவுன்ட்டர். கண்ணாடிய கயித்துல கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க.”

“சகலை, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“நல்லாத்தான் இருக்கேன். இங்க இருக்கற பாதிப் பேர் பர்ஸுல அவங்க எடுத்த படம் இருக்கு. மலைக்காரர் படம் யார் பர்ஸுல இருக்கு, சொல்லுங்க?”

“அது போட்டோவா? அந்தம்மா போட்டோகிராபரா? பட்டன அமுக்கறவங்க எல்லாம் போட்டோகிராபர்னா, நாளைக்கு எக்ஸ்ரே எடுக்கறவரக் கூட்டிட்டு வருவீங்க.”

“நல்லா எடுத்தா கூட்டிட்டு வருவேன்.”

“நம்ம தொழிலே ‘லைசென்ஸ் மூஞ்சி மாதிரி எடுக்க மாட்டோம்’னு சொல்லித்தான் ஓடுது. அத நீங்களே ஃப்ரேம் போட்டு மாட்டினா, நாளைக்கு எவன் ஸ்டூடியோவுக்கு வருவான்? முடியாது. மழைய மாட்டுங்க. இல்ல, ஆணிய விட்டுக்கொடுங்க.”

பாதிச்சிரிப்பு எழுந்தார். எழுந்தபோது நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதனால் வீரவசனத்தின் எடுப்பு கொஞ்சம் குறைந்தது. நாற்காலியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“ஆணி அடிச்சது சங்கம். எத மாட்டறதுங்கறது என் இஷ்டம். புடிச்சது இதுதான். புடிக்காதத புடிச்சிருக்குன்னு இத்தன வருஷம் மாட்டினது போதும்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். வாசலுக்கு வந்ததும் ஒரு விஷயம் உறைத்தது. எந்தப் படத்தை மாட்டப்போகிறாரோ, அந்தப் படத்தில் இருப்பவரிடம் இன்னும் கேட்கவில்லை.

“என் லைசென்ஸையா?” என்றார் மனைவி. “அவ்ளோ பெருசு பண்ணியா?”

“இதவிட நல்ல படம் நான் பார்த்ததில்ல.”

மனைவி பர்ஸிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். “சரி. ஆனா ஷோகேஸ்ல இருக்கறத எடுத்துடணும்.”

பாதிச்சிரிப்பின் முகம் தொங்கிப்போயிற்று. ஸ்டூடியோ வாசலில், கண்ணாடிக்குப் பின்னால், ஆளுயரத்துக்கு மனைவியின் படம் ஒன்று நின்றது. சங்கத்தின் பதக்கம் வாங்கிய படம். அதை எடுத்ததைவிட அழித்ததற்குத்தான் அதிக உழைப்பு. தழும்பு போயிற்று. நிறம் இரண்டு படி ஏறிற்று. மூக்கு கொஞ்சம் மெலிந்தது. உதட்டில் அளந்து வைத்த பாதிச்சிரிப்பு. வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள், கம்ப்யூட்டரில் இருக்கும் மனைவியைப் பார்ப்பார்கள், “வெளிய இருக்கறது உங்க தங்கச்சியா?” என்பார்கள். “ஆமா, வெளியூர்ல இருக்கா” என்பார் மனைவி. கேட்டுக் கேட்டு அந்தத் தங்கச்சிக்கு ஒரு வேலை, ஒரு புருஷன், இரண்டு பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டன. பாதிச்சிரிப்பு அதை ஒரு நல்ல ஜோக் என்றே நினைத்திருந்தார்.

“அதப் பார்த்துத்தானே ஜனங்க உள்ள வராங்க” என்றார்.

“வந்து என்னைப் பார்த்துட்டு ஏமாந்து போறாங்க” என்றார் மனைவி. சாதாரணமாகத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் ‘தங்கச்சி’ ஷோகேஸிலிருந்து இறங்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் வெறும் துணி தொங்கியது. கார்டை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பாதிச்சிரிப்பு நகலெடுத்தார். பெரிதாக்கியபோது புள்ளிப் புள்ளியாக உடைந்தது. கை தானாக டச்சப் கருவிக்குப் போயிற்று. அதை அவரே தட்டிவிட்டார். புள்ளியோடு, கீறலோடு, பாதி முத்திரையோடு அப்படியே பிரிண்ட் போட்டார்.

இடது ஆணி தயார். வலதுதான் வதைத்தது.

அந்த அம்மாள் எடுத்த மாதிரி ஒன்று, ஒன்றே ஒன்று, தான் எடுக்க வேண்டும். மனைவியை ஸ்டூலில் உட்கார வைத்தார். கேமராவைக் கண்ணில் வைத்ததும் வாய் தானாகப் பேசியது: “தாடை கொஞ்சம் கீழ... சிரி, அவ்ளோ வேணாம்...” சொன்ன மாத்திரத்தில் மனைவி முகத்தில் தங்கச்சி வந்து உட்கார்ந்தாள். வாயைக் கட்டினால் ஒழிய விமோசனமில்லை என்று லென்ஸ் மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். இப்போது புருவம் ‘சிரி’ என்றது. மனைவி உண்மையிலேயே சிரித்துவிட்டார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“என்ன சிரிப்பு?”

“வாயில மூடியோட பார்த்தா, எலும்ப கவ்விக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கீங்க.”

ஒரு வாரம் பூராவும் இதே கதை. படமெல்லாம் குப்பைக்குப் போயிற்று. ‘அன்னிக்கு என்ன நெனச்ச, அதையே இப்ப நெனையேன்’ என்று கெஞ்சினார். “பஸ் கெடைக்குமான்னு நெனச்சேன்” என்றார் மனைவி. இன்னொரு நாள், “செருப்பு கடிக்குதேன்னு.” இன்னொரு நாள், “அந்தம்மா கண்ணாடிக் கயிறு அழகா இருக்கேன்னு.” பதில் மட்டும் வரவில்லை.

கண்காட்சியன்று, ஹாலைத் திறந்த கையோடு பாதிச்சிரிப்பு போய் இடது ஆணியில் மனைவியின் லைசென்ஸ் முகத்தை மாட்டினார். கீழே சீட்டு ஒட்டினார்: ‘எடுத்தவர்: லைசென்ஸ் ஆபீஸ், மூன்றாம் கவுன்ட்டர். ஏன் பிடிக்கும்: இவர் யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை.’ வலது ஆணி மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் வந்தார், பின்னாலேயே ஏணியோடு குழு உறுப்பினர் ஒருவரும்.

“சொன்னா கேக்க மாட்டீங்களா, சகலை? நீங்களா கழட்டறீங்களா, நாங்க கழட்டட்டுமா?”

“நீங்களும் கழட்ட மாட்டீங்க, நானும் கழட்ட மாட்டேன்” என்றார் பாதிச்சிரிப்பு. சொல்லிவிட்டாரே தவிர, ஏணிக்காரர் ஆளு வாட்டசாட்டமாக இருந்தார். ஏணி சுவரில் சாய்ந்தது.

அப்போதுதான் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வந்தவருக்கு அதைக் கொடுக்க வந்த மனைவி, ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தார். ஏணியைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். சுவரில் தன்னைப் பார்த்தார். டப்பாவைப் பெஞ்சில் வைத்தார். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, ஏணிக்கும் படத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

“அத்தான், கழட்டுங்க பார்க்கலாம்.”

“இல்லம்மா... உனக்குத்தான் அசிங்கம்னு... நாலு பேர் பார்க்கற எடம்...”

“என் மூஞ்சி எனக்கு என்ன அசிங்கம்? பதக்கம் கொடுத்தீங்களே ஒரு படத்துக்கு, அது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? எனக்குத் தெரியாது. இது நான். இது இங்கதான் இருக்கும்.”

பாதிச்சிரிப்பு கேமராவைத் தூக்கினார். தாடை கீழே என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைக்கக்கூட இல்லை. மறந்தே போயிற்று.

க்ளிக்.

ஏணிக்காரர் ஏணியை மடக்கிக்கொண்டு, தனக்கு வேறு வேலை இருப்பதைக் கண்டுபிடித்தார். தலைவர் சுற்றுமுற்றும் பார்த்துக் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“சரி. விதின்னு ஒண்ணு இருக்கு. ஜனங்க வர்றதுக்குள்ள வலது ஆணில படம் இல்லன்னா ஜோடியே செல்லாது. ரெண்டையும் எடுத்துடுவேன்.”

“சாவிய குடு” என்றார் பாதிச்சிரிப்பு மனைவியிடம். ஸ்கூட்டரில் அவர் பறந்ததை நேரில் பார்த்தவர்கள், லைசென்ஸ் ஆபீஸ் அந்த ஆளுக்கு எப்படிப் புதுப்பித்துக் கொடுத்தது என்று கேட்டார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து தழும்பை அழிக்க நேரமில்லை. நேரமிருந்தாலும் அழித்திருக்க மாட்டார் என்று பின்னால் சொல்லிக்கொண்டார், அதை நாமும் நம்பலாம். பிரிண்டின் ஈரம் காயுமுன் திரும்பி வந்து, முதல் பார்வையாளர் படியேறும்போது வலது ஆணியில் மாட்டினார்.

அதன் பிறகு நடந்தது யாரும் எதிர்பார்க்காதது. மலையையும் போரையும் தலையை ஆட்டியபடி கடந்து வந்த ஜனங்கள் இந்த ஜோடி முன்னால் நின்றார்கள். சீட்டைப் படித்தார்கள். பிறகு பர்ஸைத் திறந்தார்கள். “எனக்கும் மூணாம் கவுன்ட்டர்தான்.” “என்னோடத பாருங்க.” “அட, உங்கள யாரோ மந்திரின்னு நெனச்சேன்!” ஒருவர் கார்டை ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். மழைக்காரர் ஒருவரும் ஓரமாகத் திரும்பி நின்று தன் கார்டைப் பார்த்துக்கொண்டார்.

சாப்பாட்டு வேளையில் அந்த அம்மாளே வந்தார். பாதிச்சிரிப்பு அழைப்பு கொடுத்திருந்தார், ப்ளக்குக்கு மன்னிப்பும் சேர்த்து. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இது யாரு எடுத்தது?”

“நீங்கதான், மேடம்!”

“நானா? இருக்கும். ஒரு நாளைக்கு எத்தன பேர். யாரு நெனப்பு வச்சுக்கறது?” சீட்டைப் படித்தார். “சிரிச்சா மிஷின் ஒத்துக்காது. அதான் சொல்றதில்ல.”

தலைவருக்கு வாயெல்லாம் பல். “கேட்டீங்களா, சகலை? மிஷினாம்!”

“ரெண்டாம் கவுன்ட்டர்லயும் அதே மிஷின்தான்” என்றார் பாதிச்சிரிப்பு. “உங்க லைசென்ஸ் எந்தக் கவுன்ட்டர், சகலை? எடுங்க, எல்லாரும் பார்க்கலாம்.”

தலைவர் எடுக்கவில்லை. கை மட்டும் பாக்கெட்டின் மேல் போய் அதை மூடிக்கொண்டது. அந்த அம்மாள் இரண்டு படங்களையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, “ஃப்ரேம் கண்ணாடில ட்யூப்லைட் தெரியுது, மாத்தி மாட்டுங்க” என்று சொல்லி, கவுன்ட்டர் திறக்க நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். பாதிச்சிரிப்பு உடனே மாற்றி மாட்டினார்.

ஹால் காலியாகிக்கொண்டிருந்தது. மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் தொடாத சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். எதிரே சுவரில் இரண்டு முகங்கள். இரண்டிலும் தழும்பு. இரண்டிலும் முடி காதுக்குப் பின்னால்.

பாதிச்சிரிப்பு பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தார். “கேட்டா பால், பஸ்ஸு, செருப்புன்னுதான் சொல்லப்போற. இருந்தாலும் கேக்கறேன். அன்னிக்கு அங்க உக்காந்துக்கிட்டு என்ன நெனச்ச?”

மனைவி டப்பாவின் மூடியை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஷோகேஸ்ல அந்தப் படத்த நீங்க வச்ச வாரம் அது. வரிசைல நின்னு உள்ள போனேன். அந்தம்மா ஃபாரத்த பார்த்துட்டு, ‘அங்க அடையாளம் என்ன?’ன்னாங்க. ‘புருவத்துக்கு மேல தழும்பு’ன்னேன். ‘எங்க, காணோமே?’ன்னாங்க. முடி மறைச்சிருந்துச்சு. எந்திரிச்சு வந்து ஒத்த விரலால முடிய ஒதுக்கிவிட்டு, ‘இதானே நீங்க? தெரியட்டும்’னு சொல்லிட்டுப் போய் எடுத்தாங்க. வீட்ல ஒருத்தர் கண்ண கசக்கிக் கசக்கி உக்காந்து அழிச்சத, பேர்கூட தெரியாத ஒருத்தங்க ஒரு செகண்டுல வெளிய கொண்டு வந்துட்டாங்க. உங்க மேல அவ்ளோ கோவம் வந்துச்சு. அந்தக் கோவந்தாங்க அது.”

பாதிச்சிரிப்பு வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்க மறந்திருந்தார். அவசரமாக விழுங்கிவிட்டு, வலது ஆணியைக் காட்டினார்.

“அப்ப இது? இது எப்படி இருக்கு?”

அவர் ‘ம்’முக்குத் தயாராகத்தான் இருந்தார்.

“அவங்க எடுத்ததுதான் ஒசத்தி” என்றார் மனைவி. “இதுலயும் கோவந்தான். ஆனா இது உங்க மேல இல்ல.”